வண்டலூர்ப் பூங்காவின் விலங்குக் காப்பாளர் ஒருவரை நினைந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விலங்குக் காப்பாளராகப் பணியாற்றி, 2013-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற, எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடந்த மாதம் இறைவனடி சேர்ந்தார். ஆலய அறிவிப்புப் பலகையில் அவருடைய அடக்கத் திருப்பலி பற்றிய செய்தி நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. அந்த நான்கு வரிகளோடு அவரை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்மைப் பற்றிப் பிறர் பெரிதாகப் பேசுவதை அவர் உயிரோடிருந்தபோதே விரும்பியதில்லை; குடும்பத்தாரும் அதையே கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர் 'புலித் தாத்தா'. உடன் பணியாற்றியவர்களுக்கு 'அண்ணன்'. அது போதும் என்றே கருதுகிறேன்.

சென்னையின் உயிரியல் பூங்காவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1855-இல் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூறாண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தது. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்த எங்கள் தலைமுறையினர் 'செத்த காலேஜ்' என்று அருங்காட்சியகத்தையும், 'உயிர் காலேஜ்' என்று அந்தப் பூங்காவையும் பார்த்துவிட்டு மூர் மார்க்கெட் வழியே திரும்பியது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். இடம் போதாமல் 1979-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய பூங்காவுக்கான பணி தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். நம் பெரியவர் அந்தத் திறப்பு விழாவுக்கு முன்பே அங்கே தினக்கூலியாகச் சேர்ந்துவிட்டவர். புதர் மண்டிக் கிடந்த அந்த நிலத்தில் மரக்கன்று நட்டு, குடத்தில் நீர் சுமந்து ஊற்றியதே தமக்குக் கிடைத்த முதல் வேலை என்று சொல்வார். விலங்குகளின் பக்கம் அவர் வந்தது அதற்குப் பிறகுதான்.

காப்பாளர் வேலை என்றால் கூண்டைக் கழுவுவதும் இறைச்சியை உள்ளே போடுவதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஒரே தெருவில் குடியிருந்து, மாலை வேளைகளில் அவரோடு பேசிப் பேசித்தான் அந்த வேலையின் ஆழம் எனக்குப் பிடிபட்டது. புதிதாகப் பணிக்கு வந்த இளைஞர்களிடம் அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: காலையில் இரவுக் கூண்டின் பக்கம் போனதும் விலங்கைப் பார்க்காதே, தரையைப் பார். நேற்றுப் போட்ட இறைச்சியில் எவ்வளவு மிச்சம், எந்தப் பகுதியைத் தின்னாமல் விட்டிருக்கிறது, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு குறைந்திருக்கிறது, சாணம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, எங்கேனும் ஒரு துளி இரத்தம், ஒரு கொத்து முடி கிடக்கிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகே தலையை நிமிர்த்த வேண்டும். ஏனெனில் விலங்கு தன் நோயை மறைக்கும். காட்டில் தளர்ச்சியை வெளிக்காட்டிய விலங்குக்கு மறுநாள் இல்லை என்பதால், உள்ளே காய்ச்சல் கொதித்தாலும் ஆள் வந்ததும் எழுந்து திடமாக நிற்பது அதன் இயல்பு. தரை மறைக்காது.

அவர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்கே உரிய சோலைமந்தி, சிங்கவால் குரங்கு என்றும் சொல்லப்படுவது, வண்டலூரில் வளர்த்துப் பெருக்கப்படும் அரிய உயிரினங்களில் ஒன்று. ஒரு நாள் காலை, குட்டி ஈன்று சில நாட்களே ஆகியிருந்த தாய் ஒன்று மூன்று கால்களால் நடந்து, மீதமிருந்த ஒரு கையால் குட்டியை வயிற்றோடு சேர்த்துத் தாங்கிக்கொண்டு போவதை அவர் கண்டார். பார்வையாளர் எவரும் அதைத் தாயன்பு என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் நலமாக உள்ள குட்டியைத் தாய் தாங்க வேண்டியதே இல்லை; அது தானே தாயின் உரோமத்தை நான்கு கைகால்களாலும் பற்றிக்கொள்ளும், தாய் தாராளமாகக் கிளைக்குக் கிளை தாவும். தாய் கைகொடுத்துத் தாங்குகிறது என்றால் குட்டியின் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். அவர் உடனே கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார். பால் போதாமல் சோர்ந்திருந்த அந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினார்கள், அது பிழைத்தது. இதைச் சொன்னபோது அவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர் தம் சொல்லை நம்பி உடனே வந்தாரே என்றுதான் நெகிழ்ந்தார்.

இந்த வேலை நாள் பார்த்து ஓய்வதில்லை. பூங்காவுக்கு வாராந்தர விடுமுறை செவ்வாய்க்கிழமை; ஆனால் அன்றும் விலங்குகளுக்குத் தண்ணீர் வைத்தாக வேண்டும், கூண்டைக் கழுவியாக வேண்டும். ஞாயிறும், காணும் பொங்கலும், கோடை விடுமுறையும் ஊரே குடும்பத்தோடு கூடியிருக்கும் நாட்கள் என்றால், காப்பாளருக்கு அவையே கூட்டம் அலைமோதும் நாட்கள். ஆகவே ஞாயிறு விடியற்காலைத் திருப்பலிக்கே வந்துவிட்டு அங்கிருந்து நேராக வேலைக்குப் போவார். செவ்வாய் மாலையில் அந்தோணியார் நவநாளுக்குத் தவறாமல் வருவார். தீபாவளியன்று இரவு முழுவதும் சுற்றுவட்டாரத்தில் வெடிக்கும் வெடிகளுக்கு மான்கள் மிரண்டு வேலியில் மோதிக்கொள்ளும் என்பதால் அன்று காவலுக்கு அனுபவமுள்ளவர்கள் தேவைப்படுவார்கள். பொறுப்பிலிருந்த காலம் முழுவதும் அந்த இரவை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். உடன் பணியாற்றிய இந்துச் சகோதரர்கள் வீட்டில் பிள்ளைகளோடு எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பண்டிகை கொண்டாட வேண்டும் என்பதே காரணம். அவர்களும் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு நாளன்று, நீங்கள் வரவேண்டாம் அண்ணே என்று சொல்லி அவருடைய கூண்டுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். மத நல்லிணக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஆலயத்தில் அவர் எப்போதும் கடைசி வரிசையில், கதவோரமாகத்தான் நிற்பார். இருமுறை குளித்து, துவைத்த சட்டை அணிந்து வந்தாலும் விலங்கின் வாடை தம்மீது இருக்குமோ, பக்கத்தில் நிற்பவர்களின் செபத்துக்கு இடையூறாகுமோ என்ற கூச்சம் அவருக்கு ஓய்வுபெறும்வரை இருந்தது. பிள்ளைகளிடம் அதே வாடையைப் பற்றி வேறு விதமாகப் பேசுவார். புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் நீரில் பாசுமதி அரிசி வேகும் மணம் வரும் என்பார், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அது உண்மைதான், இரண்டிலும் மணம் தரும் வேதிப்பொருள் ஒன்றே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருப்பதைப் பிற்பாடு நான் படித்துச் சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை மறக்க முடியாது.

டிசம்பர் மாதத்தில் ஆலயக் குடில் அமைக்கும் பொறுப்பு அவருடையது. களிமண்ணும் வைக்கோலும் கொண்டு எருதையும் கழுதையையும் ஆடுகளையும் அவரே வனைவார். ஓராண்டு இளைஞர்கள் கடையில் வாங்கி வந்த கழுதைப் பொம்மையின் காதுகள் பின்னோக்கி மடிந்திருந்தன. காது அப்படி மடிந்தால் கழுதை அச்சத்திலோ கோபத்திலோ இருக்கிறது என்று பொருள், பாலன் இயேசுவின் அருகில் அப்படி நிற்குமா என்று கேட்டு, இரவோடிரவாக வேறொரு கழுதையைச் செய்து வைத்தார். புனித அசிசி பிரான்சிசின் திருநாளான அக்டோபர் 4, நாடெங்கும் கொண்டாடப்படும் வன உயிரின வாரத்துக்குள்ளேயே வருகிறது. ஓய்வுக்குப் பின் ஆண்டுதோறும் அந்த வாரத்தில் மறைக்கல்வி மாணவர்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். கல் எறியாதே, கத்தாதே, நெகிழிப் பையை வீசாதே என்று அவர் அறிவுரை சொன்னதில்லை. நெகிழியைத் தின்ற மானின் வயிற்றில் அது என்ன செய்யும் என்று நிதானமாக விளக்குவார். அதன் பிறகு பிள்ளைகளே தங்கள் பெற்றோரைத் தடுத்தார்கள்.

தூய வின்சென்ட் தே பவுல் சபையில் அவர் ஆற்றிய பணி பற்றி எழுதத் தயங்குகிறேன். யாருக்கு உதவினோம் என்பதை வெளியே சொல்வதில்லை என்பது அச்சபையினர் போற்றும் ஒழுங்கு. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். வறுமையில் இருக்கும் வீடுகளைச் சென்று பார்ப்பதுதான் சபையின் முதன்மைப் பணி. அப்படிப் போகும்போது அவர் எவரிடமும் என்ன கஷ்டம் என்று கேட்டதே இல்லை. உட்கார்ந்து பொதுவாகப் பேசிக்கொண்டே, அடுப்பு அன்று மூட்டப்பட்டிருக்கிறதா, அரிசிப் பானையின் மூடி எப்படி இருக்கிறது, மருந்து அட்டையில் மாத்திரைகள் தீர்ந்து எத்தனை நாளாகியிருக்கும், பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளை ஏன் வீட்டில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். மறுநாள் தேவையானது போய்ச் சேர்ந்துவிடும். கூண்டின் தரையில் கற்றதை அவர் மனிதர்களிடமும் கைக்கொண்டார் என்று நான் நினைப்பது இதனால்தான். மனிதர்களும் தங்கள் துன்பத்தை மறைக்கவே செய்கிறார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள்.

அவருடைய மனைவி, அவர் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். பேச்சு முற்றிலும் போய்விட்டது. மூன்று பிள்ளைகளும் நல்லவர்கள், முறைவைத்துப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். ஆனாலும் குளிப்பாட்டுவதையும் உணவூட்டுவதையும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டில் எது மிச்சமாகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க மறுக்கிறார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்து, மருத்துவரிடம் போகும்போது அதை எடுத்துச் செல்வார். வாய் பேசாதவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை அந்த நோட்டு பலமுறை காட்டிக் கொடுத்ததாக அவருடைய மூத்த மகள் அடக்கத்தன்று என்னிடம் சொன்னார். அந்த அம்மையார் படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். நோயாளியைப் பராமரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் பகுதி காப்புக்காட்டை ஒட்டியது. மழைக்காலம் வந்தால் பாம்புகள் வீடுகளுக்குள் வந்துவிடும். முன்பெல்லாம் சாரையோ, நாகமோ, கண்ணில் பட்டதை அடித்துக் கொல்வதே வழக்கம். அவர் வீடு வீடாகப் போய், நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் என்று நம் ஊரில் அதிகமாக உயிர்ப்பலி வாங்கும் நான்கையும் படம் காட்டி அடையாளம் சொல்லிக் கொடுத்தார். கடித்தால் கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள் என்பதைத் திருப்பலி முடிந்ததும் மைக்கில் அறிவிக்கப் பங்குத்தந்தையிடம் ஆண்டுதோறும் அனுமதி பெறுவார். மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சு, 1978-இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெருமளவு போகிறது என்பதை எங்களில் பலர் அவரிடமிருந்துதான் அறிந்தோம். இருளர் மக்களின் அறிவைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் தனி மரியாதை இருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பூங்காவின் சுற்றுச்சுவர் சில இடங்களில் இடிந்ததும், முதலைகள் வெளியேறிவிட்டன என்ற வதந்தி கைபேசிகளில் பரவியது. வனத்துறை மறுத்தும் மக்கள் நம்பவில்லை. ஏற்கெனவே முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் இருந்து வந்தவர்கள் எங்கள் ஆலயக் கூடத்தில் தங்கியிருந்தார்கள். தாய்மார்கள் கழிப்பறைக்குப் போகவும் அஞ்சினார்கள். அவர் பழைய சகாக்களிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, முழங்கால் அளவு நீரில் தெருத் தெருவாக நடந்து, முதலைத் தொட்டியின் சுவர் வேறு, பூங்காவின் வெளிச்சுவர் வேறு என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வார்தா புயல் வந்தது. பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சில மாதங்கள் அதை மூடி வைக்க வேண்டியதாயிற்று. இளமையில் தாம் நீர் சுமந்து வளர்த்தவை அவற்றுள் எத்தனையோ. அந்தத் துயரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. பங்கு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வேம்பும் புங்கமும் நட்டார். இன்று அவை ஆள் உயரத்தைத் தாண்டி நிழல் தருகின்றன.

2021 ஜூன் மாதத்தில் வண்டலூர்ச் சிங்கங்களைக் கொரோனா தாக்கியபோது அவர் பட்ட வேதனை வேறு. ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், அடுத்த இரு வாரங்களுக்குள் பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தன. சிங்கங்களுக்காக மட்டும் அவர் கலங்கவில்லை. காப்பாளர்களிடமிருந்து தொற்றியிருக்குமோ என்று சமூக ஊடகங்களில் பலர் வாய்க்கு வந்தபடி எழுதியபோது, ஊரடங்கில் பேருந்தில்லாத நாட்களிலும் வேலைக்கு வந்து அந்த விலங்குகளுக்கு உணவிட்ட இளைஞர்களின் மனம் என்ன பாடுபடும் என்று வருந்தி, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். ஆலயங்கள் மூடியிருந்த நாட்கள் அவை. தம் வீட்டிலேயே மாலைச் செபமாலையில் அவர்கள் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டதாக அவர் பேத்தி சொன்னாள்.

இக்கடிதத்தின் வாயிலாக ஒரு வேண்டுகோளையும் முன்வைக்க விரும்புகிறேன். மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992-இல் அமைந்த பிறகு பூங்காக்களில் பதிவேடுகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன. எந்த விலங்கு எப்போது பிறந்தது, என்ன தின்றது, எதனால் இறந்தது என்பவை எழுத்தில் இருக்கின்றன. ஆனால் குட்டியைத் தாங்கும் ஒரு கையைக் கண்டு நோயை அறியும் கண் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு காப்பாளர் ஓய்வுபெறும்போது அது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. தமிழாசிரியனாக இருந்த பழக்கத்தால், நினைவில் இருப்பதை எழுதுங்கள் என்று நான் அவரை வற்புறுத்திக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூட நோட்டுகளில், பென்சிலால், பேச்சு நடையிலேயே நிறைய எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு விலங்குக்கும் தனித் தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் அது சோர்ந்திருக்கும்போது முதலில் மாறுவது நடையா, உணவா, உறக்கமா என்ற குறிப்பு. அவற்றைத் தட்டச்சு செய்து தர நான் அணியமாக இருக்கிறேன். பூங்கா நிர்வாகம் கேட்டால் மூல நோட்டுகளை ஒப்படைக்கக் குடும்பத்தாரும் இசைந்துள்ளனர்.

வண்டலூரில் மட்டுமன்றி, கிண்டி சிறுவர் பூங்கா, சேலம் குரும்பப்பட்டி, வேலூர் அமிர்தி ஆகிய இடங்களிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற காப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று பேசவைத்துப் பதிவு செய்யும் முயற்சியை வனத்துறையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும் எனவும், தங்கள் நாளிதழ் வாரம் ஒருவரையேனும் அறிமுகப்படுத்தி அதற்கு வழிகாட்ட வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன். இவருடன் ஒரே காலத்தில் பணியில் சேர்ந்தவர்களில் பலர் இப்போது எழுபதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். அடக்கத்துக்கு வந்திருந்தவர்களிலேயே இருவர் கைத்தாங்கலாகத்தான் நடந்து வந்தார்கள். ஆகவே இந்த ஆண்டிலேயே இப்பணி தொடங்குமானால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஊரப்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம்.